பச்சை நூலில் தைத்த மூன்று மூட்டை

எங்கள் மகளிர் குழுவின் தலைவி மாலதி போன வாரம் வீட்டுக்கு வந்தாள். குழுப் பெண்கள் சேர்ந்து அரிசியும் மாவும் பொட்டலம் போட்டு விற்கப் போகிறார்களாம். சின்னத் தொழிலை எப்படி நடத்துவது, எப்படி ஆள் பிடித்து விற்பது என்று அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம்.

"அத்தை, முப்பத்தாறு வருஷம் அரிசிக் கடையில இருந்திருக்கீங்க. வெளியூர்லேருந்து யாரையோ கூப்பிட்டு பேசச் சொல்றதுக்கு நீங்க பேசலாம்ல?"

"நாலு பேரு முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்மா. என்னை விட்டுரு."

"அப்ப எழுதிக் குடுங்க. நான் வாசிக்கிறேன். நீங்க சும்மா வந்து உக்காந்தா போதும்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மூட்டையில் ஒட்டும் சீட்டுகள்தான். 'குழையும்', 'பழையது', 'தண்ணீர் இரண்டரை' என்று ஒரு வரி, இரண்டு வரி. இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் மாலதி திருத்திக்கொள்ளட்டும்.

நான் வேலை பார்த்தது கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில், ஜமால் பாய் அரிசிக் கடையில். ஆற்றில் தண்ணீர் சரியாக வராத ஒரு வருஷம் நடவும் இல்லை, களையும் இல்லை. எங்கள் கிராமத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் வேலை தேடி டவுனுக்குப் போனோம். மற்றவர்கள் மழை பெய்ததும் வயலுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் தங்கிவிட்டேன். கடையின் பின்கட்டில் புடைப்பது, கல் பொறுக்குவது, மூட்டை தைப்பது என் வேலை. முன்கட்டில் பாயும் வாடிக்கைக்காரர்களும் இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாக்குத் திரை. அந்தத் திரைதான் எனக்கு வசதி. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று வருஷத்தில் அரிசியைப் பற்றிக் கற்றுக்கொண்டேன். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையை மூட்டைக்குள் விட்டால் புது அரிசி குளிர்ச்சியாக இருக்கும், மாவு விரலில் ஒட்டும். பழைய அரிசி சரசரவென்று நழுவும். இரண்டு மணியைக் கடித்தால் பழையது முறியும், புதியது பல்லில் அப்பிக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம்.

பாய் எப்படி வியாபாரம் செய்தார் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமைத்துப் பார்க்காத அரிசியை அவர் விற்றதில்லை. எந்த மில்லிலிருந்து சரக்கு வந்தாலும், தெரிந்த மில்லாக இருந்தாலும், மூட்டையின் அடியிலிருந்து குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி எடுப்பார். நடு மூட்டை, கடைசி மூட்டை என்று மாற்றி மாற்றி எடுப்பார். அதைப் பின்கட்டில் செங்கல் அடுப்பில் நான் வடிக்க வேண்டும். எப்போதும் அதே பானை, அதே டம்ளர். வடித்ததும் சாப்பிட்டுப் பார்க்க மாட்டார். தட்டில் கொட்டி மூடி வைக்கச் சொல்வார். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வந்து ஒரு வாய் எடுத்து மெல்லுவார்.

"சூட்டுல எல்லாமே நல்லாத்தாம்மா இருக்கும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க டப்பாவைத் தொறக்கும்போது எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்பார்.

யாராவது கடைக்கு வந்து நல்ல அரிசியாகக் கொடுங்கள் என்று கேட்டால், உடனே எந்த மூட்டையையும் காட்ட மாட்டார். அவர்தான் முதலில் கேட்பார். வீட்டில் எத்தனை பேர், வயசானவர்கள் உண்டா, குக்கரா வடிக்கிறதா, ராத்திரிக்கும் அதே சோறா. அதைக் கேட்டபிறகுதான் எழுந்திருப்பார். சபர் போகிறவர்கள், அதாவது துபாய், சவூதி என்று பிழைப்புக்குப் போகிறவர்கள் வந்தால், அங்கே தண்ணீர் எப்படி, எந்த அடுப்பு என்று அதையும் கேட்பார். பிறகு ஒரு வேளைக்கான அரிசியைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். "சமைச்சுப் பாருங்க. புடிச்சா வாங்க. புடிக்கலைன்னா வந்து என்ன புடிக்கலைன்னு சொல்லிட்டாவது போங்க." அந்தக் கடைசி வரியை ஒருத்தரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. பிடிக்காமல் போனவர்கள் திரும்பி வந்து சொன்னதிலிருந்துதான் பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

நூல் விஷயம் இனிமேல் வருகிறது.

பிரித்த மூட்டையைத் திரும்பத் தைக்கும்போது நூலின் நிறத்தில்தான் எங்களுக்கு அடையாளம். அந்த வருஷத்து அரிசி என்றால் சிவப்பு நூல். ஒரு வருஷம் தாண்டியது என்றால் பச்சை நூல். சுமைக்காரர்களில் படித்தவர்கள் குறைவு. நிறம் எல்லோருக்கும் தெரியும். பிரியாணிக்குப் போகும் சீரகச் சம்பாவில் இது ரொம்ப முக்கியம். பழைய அரிசி தண்ணீர் நிறையக் குடிக்கும், உதிரியாக நிற்கும். புது அரிசிக்கு அதே தண்ணீர் ஊற்றினால் கஞ்சிதான். நூல் உருண்டைகள் முன்கட்டில் பாயின் மேசை இழுப்பறையில் இருக்கும். தீர்ந்தால் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை, புதுச் சீரகச் சம்பா மூன்று மூட்டை வந்தது, இருபத்தைந்து கிலோ மூட்டை. புடைத்து, கல் பொறுக்கி, தைக்க உட்கார்ந்தேன். சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. திரையருகில் போனேன். உள்ளே ஏழெட்டு ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு நிக்காஹ், சனிக்கிழமை. பெண்ணின் அத்தா, அவளுடைய தகப்பனார், தன் சொந்தக்காரர்களோடு வந்து, பழைய சீரகச் சம்பா எட்டு மூட்டை சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. நான் திரையைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை போனேன். மூன்றாம் தடவையும் போனேன். அத்தனை ஆண்களும் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார்களே என்று நினைத்தபோதே எனக்கு வியர்த்துவிட்டது.

கையில் பச்சை நூல் நிறைய இருந்தது. அதிலேயே தைத்தேன். சனிக்கிழமை வந்து பிரித்துச் சிவப்பில் தைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கடை விடுமுறை, யார் தொடப்போகிறார்கள் என்று எண்ணம். பழைய மூட்டை எட்டுக்குப் பக்கத்திலேயே அந்த மூன்றையும் அடுக்கிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை வந்து பார்க்கிறேன். பதினொன்றில் மூன்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சுமைக்காரர்கள் சாவி வாங்கி எட்டு மூட்டையைக் கல்யாண வீட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். மீதி மூன்றையும் பிரித்துக் கையை விட்டேன். மூன்றும் சரசரவென்று நழுவியது. மூன்றும் பழையது.

பாய் கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடையைத் திறந்து வைத்திருந்தவருக்கு அரிசியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் முறத்தைப் போட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் பந்தல். உள்ளேயும் வெளியேயும் ஆண்கள். சமையல் நடந்தது பக்கத்துக் காலி மனையில், தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். அங்கேயும் ஆண்கள்தான். நான் தட்டிக்கு வெளியே நின்றேன். யாராவது ஒரு பெண்பிள்ளை வெளியே வந்தால் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. கரண்டி உரசும் சத்தமும், "தண்ணியைக் கொண்டா" என்ற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று அப்போது தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒரு தேக்சாவில், பெரிய பிரியாணிச் சட்டியில், அரிசியைப் போட்டு மூடும் நேரம் நின்றிருக்கிறேன்.

கடைசியில் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். சமையல்காரர் பெரிய உருவம். எல்லோரும் அவரைப் பண்டாரி என்று கூப்பிடுவார்கள். கல்யாண பிரியாணி ஆக்குகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"யாரும்மா அது? பந்திக்கு இன்னும் நேரம் கெடக்கு."

"அண்ணே... அரிசி..."

"அரிசிக்கு என்ன? குடுத்தனுப்பினது கூடிப்போச்சுன்னு திருப்பிக் கேக்குறாரா உங்க பாய்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன். "மூணு மூட்டை புது அரிசிண்ணே. மாறி வந்துருச்சு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எந்த மூணு?"

"தெரியலைண்ணே. எல்லாத்துலயும் பச்சை நூல்தான்."

"நல்லா இருக்கும்மா. கல்யாண வீட்டுல என்னைக் கஞ்சி காய்ச்சச் சொல்றீங்க."

பிரிக்காமல் நான்கு மூட்டை இருந்தது. ஒவ்வொன்றையும் பிரிக்கச் சொல்லிக் கடித்துப் பார்த்தேன். இரண்டு புதியது. ஏற்கெனவே நான்கு தேக்சா ஏறியிருந்தது. அவர் முதல் மூன்றையும் திறந்து பார்த்தார், நன்றாக இருந்தது. நான்காவதைத் திறந்து கரண்டியால் ஓரத்தில் ஒரு கிளறு கிளறினார். அப்படியே மூடிவிட்டார்.

"இப்பத்தாம்மா போட்டேன். அளவு தண்ணி ஊத்தியாச்சு. கால் மணி நேரத்துக்கு முன்னாடி வந்திருந்தா இதுவும் தப்பிச்சிருக்கும்."

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. அவர் சொன்னதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. "புது அரிசி ஒண்ணும் கெட்ட அரிசி இல்லம்மா. புதுசுன்னு சொல்லியிருந்தா தண்ணியைக் குறைச்சிருப்பேன், அவ்வளவுதானே. இதுக்கா அழுவுற?"

அப்படித்தான் நடந்தது. மீதி இரண்டு மூட்டைக்கும் தண்ணீரைக் குறைத்து வைத்தார். சாப்பிட்டவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான்காவது தேக்சா மட்டும் குழைந்துவிட்டது. அதைக் கடைசிப் பந்திக்கு, வீட்டு மனிதர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ஆனால் மாப்பிள்ளையின் மாமிமார்கள் வந்த வேன் வழியில் பஞ்சர். அவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார்கள். சஹனில், அதாவது நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டில், அது வந்ததும் அவர்களில் ஒரு அம்மா சத்தமாகவே சொன்னாராம்: "கல்யாணச் சோறுன்னு கூப்பிட்டாங்க, நோன்புக் கஞ்சி ஊத்துறாங்களே!"

பாய் அங்கேதான் இருந்தார். நான் பண்டாரியிடம் சொன்னதுமே அவருக்குத் தகவல் போய்விட்டது. பெண்ணின் அத்தாவிடம் போய், எல்லோரும் இருக்கும்போதே, "என் கடைத் தப்பு, மன்னிச்சிருங்க" என்று சொன்னாராம். அவர் பதிலே சொல்லாமல் அந்தப் பக்கம் போய்விட்டாராம். என் பெயர் எங்கேயும் வரவில்லை. பண்டாரியிடமும் பாய் வாக்கு வாங்கிக்கொண்டாராம், "அந்தப் புள்ள பேரை வெளியில எடுக்காதீங்க" என்று.

மறுநாள் காலை பின்கட்டுக்கு வந்தார்.

"யாரு தைச்சது?"

"நான்தாங்க."

"சிவப்பு நூல் இல்லையா?"

"தீந்துபோச்சுங்க."

"கேக்க வேண்டியதுதானே?"

"முன்னாடி ஆளுங்க இருந்தாங்க."

வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்றே நினைத்தேன். குனிந்து நான் உட்காரும் முக்காலியைத் தூக்கினார். திரையை விலக்கிக்கொண்டு போய், தன் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனிமே உன் இடம் இது. வர்றவங்ககிட்ட நீதான் கேக்கணும்."

அதைவிட என்னை வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரு மாசம் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. பாய் கேட்கும் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, வாடிக்கைக்காரர்களின் கையைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். புகழ்ந்து பேச எனக்கு வராது. ஒரத்தநாட்டிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த ஒரு அம்மா, ஒரு மூட்டையைக் காட்டி நல்ல அரிசியா என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "ஆறினா விறைக்குங்க. டப்பா கட்டுறவங்களுக்கு ஆகாது."

அந்த அம்மா பாயைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பாய், இந்தப் பொண்ணை விக்க உக்கார வச்சிருக்கீங்களா, விரட்ட உக்கார வச்சிருக்கீங்களா?"

பாய் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அது சொல்றதைக் கேட்டு வாங்குங்க."

வேறு அரிசி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் மகளோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதிலிருந்து ஒவ்வொரு மூட்டைக்கும் அதன் குறையை முதலில் சொல்வது எங்கள் கடை வழக்கமாகிவிட்டது. 'குழையும், கஞ்சிக்கு நல்லது' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். ஒன்றுக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகும். வயசானவர்கள் இருக்கும் வீடுகளில் குழையும் அரிசியைத்தான் தேடுகிறார்கள் என்பது அந்தச் சீட்டை ஒட்டியபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

பாய் காலமான பிறகு அவர் மகன் அன்வர் கடையைப் பார்த்தார். போனில் படம் அனுப்பி வெளியூருக்கெல்லாம் விற்றார். நான் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், மூட்டையைப் படம் எடுக்காதீங்க தம்பி, வடித்த சோற்றை எடுங்க, ஆறினபிறகு எடுங்க. கூடவே தண்ணீர் அளவையும் எழுதுங்க. அவர் அப்படியே செய்தார். நீங்களும் செய்யலாம், செலவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மாலதி கேட்டதை எழுதியதாகிவிடும். ஆனால் பாக்கி ஒன்று இருக்கிறது.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம், கண்ணில் புரை விழத் தொடங்கிய சமயம், ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மகளுக்கு நிக்காஹ், பழைய சீரகச் சம்பா வேண்டும் என்றாள். எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன். அவள் ஒரு மாதிரிச் சிரித்தாள்.

"எங்க வீட்டுல இந்தக் கடைப் பக்கமே வர மாட்டாங்க. அரிசி நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு நான்தான் வந்தேன். என் கல்யாணத்துல ஒரு தேக்சா குழைஞ்சுபோச்சு. பத்து வருஷம் மாமியார் வீட்டுல என்னைக் கஞ்சி வீட்டுப் பொண்ணுன்னுதான் கூப்பிட்டாங்க."

ஷரீபா. அந்தக் கல்யாணப் பெண்.

அன்வர் உள்ளே சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். முன்கட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். நல்ல அரிசியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"அந்த மூட்டையைத் தைச்சது நான்தாம்மா" என்றேன். நூல் தீர்ந்தது, திரைவரை மூன்று தடவை போய்த் திரும்பியது, தட்டிக்கு வெளியே நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

அவள் கோபப்படுவாள் என்று இருந்தேன். அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பழசுன்னு ஏமாத்திப் புதுசைக் குடுத்துட்டாருன்னுதானே எங்க அத்தா நெனச்சாங்க" என்றாள் மெதுவாக. "ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் பள்ளிவாசல்ல பாய் சலாம் சொல்லுவாராம். அத்தா மௌத்தாகுற வரைக்கும், கண்ணை மூடுற வரைக்கும் பதில் சலாம் சொல்லலை. சொல்லாம இருக்குறது பாவம்னு தெரிஞ்சும் சொல்லலை. வீட்டுல வந்து சொல்லுவாங்க, இன்னிக்கும் நான் வாய் தொறக்கலைன்னு."

எனக்கு இது தெரியாது. பாய் ஒரு நாளும் சொன்னதில்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய், சனிக்கிழமை காலையில் என் முக்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சமைச்சியாம்மா?" என்று மட்டும்தான் கேட்பார். "அது என் கடைப் பெண் செய்த பிசகு, வேண்டுமென்று செய்ததில்லை" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நானாவது அந்தத் தெருவுக்குப் போய் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அரிசியின் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னுடையதைச் சொல்ல, கேட்க வேண்டிய இரண்டு பேரும் போய்ச்சேர்ந்தபிறகுதான் வாய் வந்தது.

ஷரீபா எழுந்தாள். "பாய் வீட்டம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. பின்னாடித் தெருதான்."

"மொதல்ல அவங்களைப் பாத்துட்டு வந்துர்றேன்."

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. எட்டு மூட்டை சொன்னாள். எட்டையும் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து வடிக்கச் சொன்னாள். எட்டுத் தட்டும் ஆறுகிறவரை மூன்று மணிவரைக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு நான் தைத்தேன். எனக்குக் கண் சரியாகத் தெரியாததால் கோணி ஊசியில் அவள்தான் நூல் கோத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் நிறத்தை வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தாள். "பச்சை. பாத்துக்கங்க. பச்சை."

இவ்வளவுதான் எழுத வேண்டியது.

மாலதி, முதலில் உள்ளதை நீயே வாசித்துவிடு. வியாழக்கிழமை நூல் தீர்ந்தது என்று வருகிறதே, அந்த இடத்தில் நிறுத்திக்கொள். அங்கிருந்து நான் எழுந்து வாசிக்கிறேன். கண்ணாடி கொண்டுவருகிறேன். குரல் நடுங்கினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.